சுவருக்கு அந்தப் பக்கத்து மூக்கு

கலாராணியைப் பற்றி லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் அவளுடைய பானைகளைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். நாள் முழுக்க விறகு அடுப்பில் கிடந்த பானை, தண்ணீர் கொட்டும் பீலிக்கரைக்குப் போய்த் திரும்பினால் அன்றைக்குத்தான் கடையில் வாங்கியது போல இருக்கும். அதற்கு அவள் ஒரு வேலை செய்வாள். வடிகான் ஓரத்துச் சிவப்பு மண்ணைச் சலித்து, அடுப்புச் சாம்பலோடு குழைத்து, பானையின் அடியிலும் பக்கத்திலும் வழித்துப் பூசி, காய்ந்த பிறகுதான் அடுப்பில் ஏற்றுவாள். கரியெல்லாம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். மண்ணைக் கழுவினால் கரியும் போய்விடும். மற்றப் பெண்களும் பூசுகிறவர்கள்தான். ஆனால் கலாராணி பூசினால் ஒரு விரல் தடம் தெரியாது.

பதுளைக்கு அருகே ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவள் பிறந்தாள், அதே தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டாள். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு, பதினெட்டில் தொழிலாளியாகப் பேர் பதிந்து, இருபத்தெட்டு வருடம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கியிருக்கிறாள். கணவர் சிவஞானம் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில், இலை காயவைக்கிற சூட்டுக்குப் பக்கத்திலேயே இருபத்திரண்டு வருடம் நின்றவர். ஒரே மகள் சுதர்சினி கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். இவ்வளவுதான் குடும்பம். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். கலாராணி ஒன்றை மறைத்து வைத்திருந்தாள்.

கொரோனா வருடத்தில் அவளுக்கு நாலு நாள் காய்ச்சல் அடித்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பஸ் வரும், ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள், லயத்துக்கே கயிறு கட்டி அடைப்பார்கள். மழையில் நனைந்ததுதான் என்று சொல்லி, கொத்தமல்லித் தண்ணீர் குடித்துப் படுத்துக் கிடந்தாள். ஐந்தாம் நாள் எழுந்து மலைக்குப் போனபோது பறித்த கொழுந்தில் பச்சை வாசம் இல்லை. திரும்பி வரும்போது ஸ்டோரைத் தாண்டினாள். அங்கேயும் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து கருவாட்டு டின்னைத் திறந்து மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தாள். கருவாடும் கல்லும் ஒன்றாக இருந்தன.

ஒரு வாரத்தில் வரும் என்று இருந்தாள். ஒரு மாதம் ஆயிற்று, ஒரு வருடம் ஆயிற்று. அதற்குள் கீழ் லயத்தில் ஒருவர் அந்த நோயில் போய்ச் சேர்ந்திருந்தார். இப்போது வாயைத் திறந்தால், அன்றைக்கே உனக்குக் காய்ச்சல் இருந்ததா என்று கேள்வி வரும். மூடியே வைத்துக்கொண்டாள். கண்ணாலும் காதாலும் சமைக்கப் பழகினாள். கடுகு பேச்சை நிறுத்தினால் வெங்காயம் போட வேண்டும். வெங்காயத்தின் ஓரம் சிவந்தால் தூள் போட வேண்டும். சந்தேகம் வந்தால் உள்ளே படுத்திருக்கிற கணவரைக் கேட்பாள்: "இந்தாங்க, தூள் வாசம் வந்திருச்சா? நான் தேங்கா துருவிக்கிட்டு இருக்கேன்." அவரும் அங்கிருந்தே பதில் சொல்வார். தேங்காய் துருவினால் வாசம் எப்படித் தெரியாமல் போகும் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

பக்கத்து வீட்டுக் காம்பராவில் பெரியாயி இருந்தாள். ஐம்பத்தைந்து தாண்டியவள், புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இரண்டு வீட்டுக் குசினிக்கும் நடுவில் ஒரே சுவர். லயத்துச் சுவர் கூரை வரைக்கும் ஏறாது, மேலே ஒரு முழம் வெறும் இடம். இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். சுவரின் அடியில் ஒரு ஓட்டையும் உண்டு. கலாராணி பாத்திரம் கழுவுகிற தண்ணீர் அந்த ஓட்டை வழியாகப் பெரியாயி குசினி மூலைக்குப் போய், அங்கிருந்து வெளிக்கானுக்கு இறங்கும். தோட்டம் உண்டான காலத்தில் யாரோ போட்ட கணக்கு.

அந்தத் தண்ணீரால்தான் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஒரு மழைக்காலத்தில் சோற்றுத் தண்ணீர் தேங்கி நாறுகிறது என்று பெரியாயி ஓட்டையில் சாக்கை அடைத்தாள். தண்ணீர் கலாராணி குசினிக்குள் ஏறியது. வார்த்தை வளர்ந்தது. தனியாளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய குசினி என்று கலாராணி கேட்டுவிட்டாள். கேட்ட மறு நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். பெரியாயி சாக்கை உருவி எடுத்தாள், அன்றோடு பேச்சையும் எடுத்துவிட்டாள். மூன்று வருடம் ஓடிவிட்டது.

போன வருடக் கடைசியில் சிவஞானத்துக்கு மூச்சு இழுப்பு அதிகமாயிற்று. பதுளைப் பெரியாஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். மருந்து உறிஞ்சுகிற பம்ப் கொடுத்து, ஒரு விஷயத்தை டாக்டரம்மா அழுத்திச் சொன்னார்: வீட்டுக்குள் விறகுப் புகை கூடாது, இன்னொரு முறை இப்படி இழுத்தால் நெஞ்சு தாங்காது. கலாராணிக்குக் கேட்டதும் தன் அடுப்புதான் நினைவுக்கு வந்தது. கவ்வாத்து வெட்டும்போது விழுகிற தேயிலைக் கிளை, அந்த மிலாறைத்தான் அவள் எரிப்பாள். முதல் அரை மணி நேரம் குசினிக்குள் ஆள் முகம் தெரியாது.

சுதர்சினி ஒரே வாரத்தில் பதுளைக் கடை ஒன்றுக்குச் சொல்லி, இரண்டு வாய் கேஸ் அடுப்பும் ஐந்து கிலோ சிலிண்டரும் அனுப்ப ஏற்பாடு செய்தாள். தொலைபேசியில் ஒரு நிபந்தனையும் வைத்தாள். அம்மாவால் கேஸை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடியாது என்றால் அப்பாவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளாம். அவள் இருப்பது நாலு பெண்கள் பகிர்ந்துகொண்ட ஒரு அறை. அங்கே அவரை எங்கே படுக்க வைப்பாள் என்று அவளும் சொல்லவில்லை, கலாராணியும் கேட்கவில்லை.

கடையில் இருந்து முஸ்தாக் வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், கை வேலை செய்யும்போது வாயும் சேர்ந்து வேலை செய்கிற ஆள். சிலிண்டரைக் குசினிக்குக் கொண்டுபோகும் முன் வாசல் இஸ்தோப்பில், வெளிக் காற்றில் நிமிர்த்தி வைத்தான். எல்லாருக்கும் முதலில் வாசத்தைக் காட்டுவது அவன் வழக்கமாம். கேஸுக்கு வாசமே கிடையாது, ஒழுகினால் தெரியட்டும் என்றுதான் ஒரு நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள் என்று சொல்லி, வால்வை ஒரு நொடி அழுத்தி விட்டான். சிவஞானம் முகத்தைச் சுளித்தார். வேடிக்கை பார்க்க வந்திருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடினார்கள். கலாராணி எல்லார் முகத்தையும் பார்த்தாள். பிறகு தானும் சுளித்தாள்.

"கோவா எல அழுகின மாதிரி இல்லயா அக்கா?"

"ஆமாங்க தம்பி. கோவாதான்."

"இந்த வாசம் வந்தா வெளக்குச் சுவிச்சத் தொடாதீங்க. நெருப்புக் குச்சியும் கூடாது. ரெகுலேட்டர மூடிட்டுக் கதவெல்லாம் தொறந்து விட்டுட்டு வெளிய வந்திருங்க. மத்ததெல்லாம் மறந்தாலும் இத மறக்காதீங்க."

மற்றதையும் அவன் விடாமல் சொன்னான். நெருப்பு நீலமாக இருக்க வேண்டும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். ரப்பர் குழாய் சூட்டில் படக்கூடாது. சமைத்து முடித்தால் அடுப்புத் திருகை மட்டும் மூடிவிட்டுப் போகாமல் ரெகுலேட்டரையும் மூட வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை சவர்க்காரத் தண்ணீரைக் குழாய் மூட்டில் தடவிப் பார்க்க வேண்டும், கொப்புளம் வந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். கலாராணிக்குக் கடைசியில் சொன்னதுதான் பிடித்தது. கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு முறை இல்லை, தினமும் காலையில் தடவினாள்.

முதல் பத்து நாள் அடுப்பு ராசாத்தி மாதிரி எரிந்தது. பிறகு நெருப்பு ஒரு பக்கம் மஞ்சளாக நாக்கை நீட்டத் தொடங்கியது. இன்னொரு பக்கம் எரியவே இல்லை. பானை அடியில் கரி வேறு. விறகு அடுப்பில் நெருப்பு மஞ்சளாகத்தானே இருக்கும், இதுவும் பழகிவிட்டது போலிருக்கிறது என்று முதலில் நினைத்தாள். ஆனால் சிவஞானம் இரவில் மறுபடி இருமினார். முஸ்தாக்குக்குப் போன் போட்டாள். புதன்கிழமை கீழ்க் கடைக்கு சிலிண்டர் இறக்க வந்தவன் ஏறி வந்து, எரிவாயின் மூடியைக் கழற்றித் தன் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தான். சிவப்பு மண்.

"என்னாக்கா, இதுல பயிர் வைக்கப் போறீங்களா?"

கலாராணிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. பானை அடியில் பூசிய மண் காய்ந்து, சூட்டில் உதிர்ந்து, ஓட்டைகளையெல்லாம் அடைத்திருந்தது. ஒரு நெருப்பும் தொட முடியாதபடி அவள் பார்த்துப் பார்த்துப் பூசிய மண். முஸ்தாக்குக்கு அவள் முகம் தெரிந்திருக்க வேண்டும், கேலியை அதோடு விட்டான். குழந்தைச் சட்டைக்குக் குத்துகிற ஊக்கு ஒன்றை வாங்கி, ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்தி, மூடியைக் கழுவித் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு மாட்டிக் காட்டினான். பற்ற வைத்தால் சுற்றிலும் நீலப் பற்கள் வரிசையாக வந்தன.

அவள் அன்றைக்கே பாத்திரங்களையெல்லாம் பீலிக்கரையில் அடுக்கி, அடியில் ஒரு பொட்டு மண் இல்லாமல் தேய்த்தாள். பிறகு குசினித் தரையில் உட்கார்ந்து, கேஸ் அடுப்புக்கு ஆகிறது எது, ஆகாதது எது என்று பிரித்தாள். மூன்று கல்லில் உட்கார்ந்து பழகிய உருண்டை அடித் தாச்சிச் சட்டி, அடுப்புக் கம்பியில் தட்டாமாலை சுற்றியது. அது ஆகாது. அடி நெளிந்த சோற்றுப் பானையில் ஒரு பக்கம் வேகும், ஒரு பக்கம் அரிசியாகவே நிற்கும். அதுவும் ஆகாது. தட்டை அடிச் சட்டி இரண்டு, கேத்தல், ரொட்டிக்கல், இவ்வளவுதான் தேறின. ரொட்டிக்கல் கனம், அடுப்புப் பற்றியதும் சூடு ஏறாது. ஆனால் ஏறினால் இறங்காது, நெருப்பைக் குறைத்தே ரொட்டி சுடலாம். சிவஞானம் கதவோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சீதனப் பாத்திரத்தைப் பங்கு பிரிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அவர் சிரித்தபோது இருமல் வரவில்லை. கலாராணி அதைக் கவனித்தாள்.

தேறாதவற்றில் ஒன்றை மட்டும் அவளால் தள்ளி வைக்க முடியவில்லை. அகன்ற பெரிய அலுமினியப் பானை, அடி தட்டைதான், ஆனால் அடுப்பின் ஒரு வாயை முழுக்க மூடி, திருகு வரைக்கும் நிழல் விழ உட்காரும். அதை ஏற்றினால் நெருப்பு எரிகிறதா இல்லையா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். வருடத்தில் ஒரு நாளைக்குத்தான் அது வேண்டும். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் காய்ச்ச.

அந்த ஆடியும் வந்தது. ஊவா மலையில் ஆடி என்றால் காற்று. கூரைத் தகரத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்குகிற மாதிரி அடிக்கும். லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பானை முறை. வெளியில் கல் கூட்டிக் காய்ச்சலாம் என்று பார்த்தாள், நெருப்பு நிற்காது. பானையைக் கேஸ் அடுப்பிலேயே ஏற்றினாள். பின்கதவைச் சாத்தி, குளிர் வராமல் கீழ்ச் சந்தில் சாக்கைத் திணித்தாள். இதை லயத்தில் எல்லாரும் காற்றுக் காலத்தில் செய்வார்கள். சிவஞானம் குளிருக்குப் போர்த்திக்கொண்டு உள்ளறையில் தூங்கினார். மூக்கடைப்பு வேறு.

முதலில் நொய்யரிசி வேக வேண்டும். நெருப்பைக் குறைத்து, மூடியைச் சரித்து வைத்துவிட்டு, கதவோரம் தரையில் உட்கார்ந்து கூழுக்குக் குரக்கன் மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். நொய் பொங்கியது சுவர்ப் பக்கமாக. கஞ்சி நுரை பானை வயிற்றில் வழிந்து அடுப்பு வாயில் இறங்கியது. நெருப்பு அணைந்தது. அந்தச் சத்தம் தகரத்தின் சத்தத்தில் போயிற்று. பானையில் இருந்து ஆவி இன்னும் வந்துகொண்டிருந்தது, அதனால் அவளுக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

கேஸ் காற்றை விடக் கனம். அது தரையில்தான் இறங்கிப் படரும். கதவுச் சந்தில் சாக்கு. போவதற்கு இருந்த ஒரே வழி சுவரடி ஓட்டை. அந்தப் பக்கம் பெரியாயி விறகு அடுப்பில் சோறு வைத்திருந்தாள்.

கலாராணிக்கு லேசாகத் தலை சுற்றியது. மத்தியானம் சாப்பிடாததால் என்று நினைத்தாள். வெளிச்சம் மங்கிவிட்டது, மாவு கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. எழுந்து சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள். அப்போது அந்தப் பக்கம் தண்ணீர் கொட்டுகிற சத்தமும், அடுப்பு சீறி அடங்குகிற சத்தமும் கேட்டன. உடனே சுவரில் விறகுக் கட்டையால் ஓங்கி ஒரு இடி. மேலே திறந்த இடத்தின் வழியாகக் குரல் வந்தது.

"கலா. வெளக்குப் போடாத. ஒன் கேஸு இங்கிட்டு வருது. மொதல்ல அத மூடு."

மூன்று வருடமாகக் கேட்காத குரல். கை சுவிட்சுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவள் திரும்பி ரெகுலேட்டரை மூடினாள், அடுப்புத் திருகை மூடினாள், சாக்கைக் காலால் உதைத்துப் பின்கதவைத் திறந்தாள். காற்று உள்ளே பாய்ந்து மாவையெல்லாம் முகத்தில் அடித்தது. சிவஞானத்தைப் போர்வையோடு எழுப்பி, ஏன் எதற்கு என்று சொல்லாமல் தோளில் சாய்த்து முன்பக்கம் இஸ்தோப்புக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். அதற்குள் பெரியாயி லயத்து ஓரத்தில் நின்று, யாரும் நெருப்புப் பற்ற வைக்க வேண்டாம் என்று காம்பரா காம்பராவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் ஈரச் சாம்பல்.

திரும்பி வந்து கலாராணியின் முன்னால் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"ஒனக்கு மூக்கு வேல செய்யுதா இல்லியா?"

கலாராணி முகத்தில் அடித்த மாவைத் துடைத்தாள்.

"மூணு வருசமா ஒன் குசினில கருவாடு கருகுது, நீ அதுக்குப் பக்கத்துலயே ஒக்காந்து ரேடியோ கேக்குற. நான் அந்தப் பக்கம் இருந்து கவனிச்சுக்கிட்டே இருக்கேன். பேச்சில்லாத வீட்டுல போயி என்னத்தக் கேக்குறது?"

"இல்லக்கா," என்றாள் கலாராணி. "செய்யல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சலையும், கருவாட்டு டின்னையும், முஸ்தாக் வாசம் காட்டியபோது மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சுளித்ததையும். பெரியாயியிடம் சொல்வது போல ஆரம்பித்து, சிவஞானத்தின் பக்கம் திரும்பாமலே அவருக்குச் சொல்லி முடித்தாள். சொன்னால் கேஸ் போய்விடும், மிலாறுப் புகை திரும்பிவிடும், இல்லாவிட்டால் அவரைக் கொழும்புக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அந்தப் பயம்தான் என்றாள்.

சிவஞானம் போர்வையின் ஓரத்தைத் திருகினார்.

"அப்ப, பீடி வாசமும் ஒனக்குத் தெரியாதா?"

"என்ன பீடி?"

"ஒண்ணு ரெண்டுதான். பின்னால மரத்துக்கிட்ட. நீ ஒண்ணும் சொல்லாம இருந்தியா, போனாப் போகுதுன்னு என்னைய மன்னிச்சு விட்டுட்டன்னு நெனச்சேன். அந்தக் காய்ச்சலுக்கு முந்தி எப்படித் திட்டுவ."

கலாராணி அவரைப் பார்த்தாள். ஒரு மனிதனின் மூச்சுக்காகத் தன் பானைகளையெல்லாம் பிரித்துப் போட்டவள். அவர் மூச்சை மரத்தடியில் போய்ச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மூன்று வருடத்துத் திட்டும் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தது. ஆனால் அவர் தலையைக் குனிந்துகொண்டு, போர்வைக்குள் கையை விட்டு ஒரு சின்னப் பீடிக்கட்டை எடுத்துத் தரையில் வைத்தார். நாலு பீடி இருந்தன. பெரியாயி அதைக் குனிந்து எடுத்து, தன் ஈரக் கையில் வைத்துக் கசக்கினாள்.

"அந்த வாசமும் எனக்கு வரும்," என்றாள். "வயிறெரியும். பேச்சுத்தான் இல்லியே."

காற்று உள்ளே புகுந்து வெளியேறட்டும் என்று மூவரும் அங்கேயே அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். இருட்டில், விளக்கு இல்லாமல். கலாராணி ஒரு முறை அழுதாள், சத்தமில்லாமல். தனியாளுக்கு எதற்குக் குசினி என்று கேட்டதற்காகவும் அதில் கொஞ்சம் இருந்தது. அதை அவள் வாய்விட்டும் சொன்னாள். பெரியாயி, நான் அதை மறந்தே விட்டேன் என்று சொல்லவில்லை. அன்றைக்கு இரவு தனக்குத் தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னாள். பிறகு எழுந்து போய் வாசம் நின்றுவிட்டதா என்று இரண்டு குசினியிலும் மோந்து பார்த்துவிட்டு வந்தாள். அப்புறம்தான் விளக்குப் போட்டார்கள்.

விளக்கு வெளிச்சத்தில்தான் பெரியாயியின் அடுப்பைக் கலாராணி பார்த்தாள். எரிகிற அடுப்பில் குடத்துத் தண்ணீரை ஊற்றியதில் மண் அடுப்பு நடுவில் வெடித்து இரண்டாகப் பிளந்திருந்தது. சோறு சாம்பலோடு கிடந்தது.

மறுநாள் காலையில் கலாராணி தானே மகளுக்குப் போன் எடுத்தாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். சுதர்சினி அடுப்பைத் திருப்பி அனுப்பிவிடச் சொன்னாள், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம வா," என்றாள் கலாராணி. "வந்து பாரு. பாத்துட்டு அப்பறம் சொல்லு."

முஸ்தாக் சனிக்கிழமையே வந்தான். ஓட்டையின் முன்னால் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து வருடமாக அடுப்புப் பூட்டுகிறேன், சுவரடியில் ஓட்டை இருக்கிறதா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை, இனி முதலில் அதைத்தான் கேட்பேன் என்றான். சிவஞானமும் அவனும் சேர்ந்து அந்த ஓட்டையைச் சீமெந்தால் அடைத்து, கழுவுகிற தண்ணீருக்கு வளைந்த குழாய் ஒன்றைப் போட்டு நேராக வெளிக்கானில் விட்டார்கள். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அதைத் தாண்டிக் காற்று போகாது. பின்கதவின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்குப் பலகையை அறுத்து எடுத்தார்கள், இனி அங்கே சாக்குத் திணிக்கக்கூடாது. குளிருக்குச் சிவஞானம் இரண்டாவது போர்வை போர்த்திக்கொள்ள வேண்டியதுதான். பெரிய பானையைக் கலாராணி தானே கொண்டுபோய்க் கோயிலுக்குக் கொடுத்தாள். கூழ் காய்ச்சுகிறவர்கள் அங்கேயே கல் கூட்டிக் காய்ச்சட்டும்.

ஆனால் மூக்குக்கு என்ன செய்வது? அதற்குக் கலாராணிதான் போய்க் கேட்க வேண்டியிருந்தது. ஒரு ஆளிடம் ஒன்றைக் கேட்பது அவளுக்குக் கடினம், பெரியாயியிடம் கேட்பது இன்னும் கடினம். பிளந்த அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு, அக்கா நீங்கள் புது அடுப்புப் போட வேண்டாம், நம் வீட்டிலேயே வந்து சமையுங்கள், நான் பற்ற வைக்கிற நேரமெல்லாம் நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும் என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

"இரக்கப்பட்டுக் கூப்பிடுறியா?"

"இல்லக்கா. எனக்கு ஆள் வேணும்."

பெரியாயி யோசித்தாள். சேலையில் கையைத் துடைத்தாள். "தூளு நான்தான் போடுவேன்," என்றாள். "ஒன் கொழம்பு வாசம் மூணு வருசமா சரியில்ல."

ஞாயிற்றுக்கிழமை சுதர்சினி வந்தபோது குசினியில் இரண்டு பேர் நின்றார்கள். அம்மா குழாய் மூட்டில் சவர்க்கார நுரையைத் தடவி, கொப்புளம் வருகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. பெரியாயி சிலிண்டருக்குப் பக்கத்தில் குனிந்து, நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி மூக்கை நீட்டித் தலையை அசைத்தாள். அதற்குப் பிறகுதான் அம்மா குச்சியைக் கிழித்தாள். குச்சி முதலில், திருகு பிறகு. நீல நெருப்பு வட்டமாக நின்றது. தட்டைச் சட்டி ஏறியது. அப்பா கதவருகே வெற்றிலை மென்றுகொண்டிருந்தார், பீடிக்குப் பதிலாம். அதுவும் நல்லதில்லை என்று பெரியாயி அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுதர்சினி பையைத் தோளில் இருந்து இறக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இறக்கினாள். இரண்டு நாள் லீவு இருக்கிறது என்றாள். அப்பாவின் உடுப்பு எங்கே என்று கேட்கவில்லை.

கலாராணி அவளுக்குத் தேத்தண்ணி ஊற்ற அந்தப் பக்கம் திரும்பினாள். மகள் கொழும்பில் என்ன சாப்பிடுகிறாள், ஏன் இவ்வளவு மெலிந்துவிட்டாள் என்று கேட்டுக்கொண்டே சீனி டின்னைத் தேடினாள்.

"கலா," என்றாள் பெரியாயி, இருந்த இடத்தில் இருந்தே. "பருப்பு அடிப் பிடிக்குது. நெருப்பக் கொற."

கலாராணி கையை நீட்டி நெருப்பைக் குறைத்தாள்.